அண்டை வீட்டுக் குதிரை



இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பார்த்துச் சிலர் புன்னகை செய்யக்கூடும். லைசென்சு, வருமான வரி, கடை வாடகை என்று படித்துப் பழகிய வியாபாரிகளுக்குக் குதிரையைப் பற்றி என்ன பாடம் என்று கேட்பதும் நியாயமே. ஆனால் விஷயம் குதிரையோடு நிற்பதன்று. நமக்குச் சொந்தமில்லாத ஒரு ஜீவன் நம் கண்ணெதிரே வாடுகிறது. அதன் சொந்தக்காரரோ நமக்கு வேண்டியவர். நம் கடையில் பற்று வைத்திருப்பவர். காலையில் சலாம் சொல்கிறவர். அந்நிலையில் நாம் செய்யவேண்டியது யாது என்பதே பாடம்.

ஊரின் ஓரத்தில் கடையோ கிடங்கோ வைத்திருப்பவர்க்கு இது கற்பனைச் சங்கதியன்று. பினாங்கில் பத்து பிரிங்கிக் கடற்கரைக்கும் போர்ட்டிக்சனுக்கும் போனவர்கள் சவாரிக் குதிரைகளைப் பார்த்திருப்பார்கள். பட்டணத்துக்கு வெளியே ஆசைக்காக ஒன்றிரண்டு வளர்ப்பவர்களும் உண்டு. பந்தயத் திடலை விட்ட குதிரைகள் தனியார் கைக்குப் போவதும் உண்டு. சிங்கப்பூரில் 1842 முதல் இருந்துவந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆந் தேதியோடு முடிவுற்றது. பினாங்கிலும் 2025இல் பந்தயம் நின்றது. பந்தயக் குதிரை பெரும்பாலும் பத்து வயதுக்குள் ஓட்டத்தை விட்டுவிடும். ஆயுளோ இருபத்தைந்து, முப்பது வருஷம் வரை போகும். ஆகவே குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று வாங்குகிறவர், அடுத்த பதினைந்து இருபது வருஷத்துத் தீனியையும், லாடக்காரர் கூலியையும், மருத்துவச் செலவையும் சேர்த்து வாங்குகிறார். அந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியவரின் லாயத்திலேதான் கஷ்டம் ஆரம்பமாகிறது. கெட்ட மனத்தினால் பட்டினி போடுகிறவரைவிடக் கைமுதல் தீர்ந்து பட்டினி போடுகிறவரே அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

குதிரைக்கும் நம்மவர்க்கும் உள்ள உறவு பழையது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் ஜமாலுத்தீன் என்பார் அந்த வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடம் மந்திரியாக இருந்தார். ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரை வந்ததென்றும், கடலில் இறந்த குதிரைக்குங்கூட விலை கொடுக்க அரசன் ஒப்பியிருந்தானென்றும் வஸ்ஸாஃப் என்னும் பாரசீகச் சரித்திர ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். இராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரரைக் குறித்து வந்ததாகச் சொல்வார்கள்.

அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ எழுதிய செய்தி நமக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் வருஷக் கடைசிக்குள் நூறுகூட மிஞ்சுவதில்லை, காரணம் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை என்கிறார். அரிசியோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். கொண்டுவந்து விற்ற வியாபாரிகளோ குதிரை வைத்தியர் எவரையும் அழைத்து வருவதில்லையாம். குதிரை செத்தால்தானே மறு வருஷமும் விற்கலாம்! வெளியூர்க்காரர் எழுதியதில் மிகை இருக்கலாம். ஆயினும் தெரிந்தவன் வாய்திறவாமல் இருப்பதற்கும் ஒரு லாபக் கணக்கு உண்டு என்பதை எழுநூறு வருஷத்துக்கு முன்னரே ஒருவர் கண்டு சொல்லியிருக்கிறார். இன்று நம் கணக்கு வேறுவிதம்: சொன்னால் ஒரு வாடிக்கைக்காரர் போய்விடுவார் என்ற பயம்.

இனிப் பார்க்கும் விதத்துக்கு வருவோம். வேலிக்கு வெளியே நிற்பவர் முதலில் கவனிக்கவேண்டியது உடம்பின் சதை. ஹென்னக் என்ற அமெரிக்கர் 1983இல் இதற்கு 1 முதல் 9 வரை எண் போடும் முறை ஒன்றை வகுத்தார். கழுத்து, தோள்மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, முதுகு, வாலடி ஆகிய ஆறு இடங்களைப் பார்த்து எண் போடுவார்கள். விலா கண்ணுக்குத் தெரியாமல், தொட்டால் மட்டும் கைக்குத் தட்டுப்பட்டால் 5. அதுவே நல்ல நிலை. விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ண முடிந்து, வாலடி எலும்பும் துருத்தி நின்றால் 3 அல்லது அதற்கும் கீழே. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூர்கூராக எழும்பி, சதையே இல்லாதிருந்தால் 1. நம்மவர் பலர் பார்க்கத் தவறும் இடம் கழுத்தும் வாலடியும். வயிறு பெரிதாகத் தொங்குகிறதே, நன்றாகத்தானே தின்கிறது என்று ஏமாந்துபோவார்கள். சத்தில்லாத புல்லும் குடற்புழுவுங்கூட வயிற்றைப் பெருக்கவைக்கும்.

மிதமான உடம்புள்ள 400 கிலோக் குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த தீனிக் கணக்கில் ஏறக்குறைய 8 கிலோ வேண்டும். பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீரானபடியால் அதுவே 30, 40 கிலோப் புல்லாகும். ஒரு கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு நாள் முழுதும் திரும்பிப் பாராதவர் எவ்வளவு குறை வைக்கிறார் என்று இதிலிருந்து தெரியும். தண்ணீர் 25 முதல் 50 லிட்டர் வரை. நம் நாட்டு வெயிலில் வேலை செய்கிற குதிரைக்கு அதற்கு மேலும் வேண்டியிருக்கும். வாளி எப்போதும் காலியாகக் கவிழ்ந்து கிடக்கிறதா, அல்லது பாசி பிடித்துக் கொசு முட்டையிட்டுக் கிடக்கிறதா என்பது வேலிக்கு இப்பாலிருந்தே தெரிகிற விஷயம்.

அடுத்தது குளம்பு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவவேண்டும். விட்டுவிட்டால் நீண்டு, முன்புறம் செருப்பின் மூக்குப்போல் வளைந்துவிடும், பிளவும் காணும். அப்படிப்பட்ட குளம்பு ஒரே மாதத்தில் உண்டாவதன்று. பல மாதம் ஒருவரும் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால், நெருப்பின்மேல் நடப்பதுபோல் அடியெடுத்து வைத்தால், குளம்புக்குள் அழற்சி கண்டிருக்கலாம். மிகக் கடுமையான வலி அது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லவேண்டும். குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகள் சில இந்தப் புழுக்கத்தில் வியர்க்கும் சக்தியையே இழந்துவிடுகின்றன. வெயிலில் நிற்கும், தோல் உலர்ந்திருக்கும், மூச்சு மட்டும் இரைக்கும். சும்மா நிற்கிற குதிரை நிமிஷத்துக்கு 8 முதல் 16 தடவைதான் மூச்சு விடவேண்டும். விலாப்புறம் ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்க்கலாம். நடுப்பகலில் நிழலின்றிக் கட்டப்பட்டு, இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் மூச்சிரைக்கும் குதிரைக்கு வியர்வையும் இல்லையென்றால் அது ஆபத்து. சேணம் உராய்ந்த புண், கடிவாளத்தால் வாயோரம் வெடிப்பு, கயிறு அறுத்த கால், ஈ மொய்க்கும் கண் ஆகியவையும் கவனிக்கத் தக்கன. ஒரு புண் யாருக்கும் வரலாம். ஆனால் புண்ணின்மேலேயே சேணத்தை வைத்துக் கட்டி, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளை ஏற்றுவது வேறு.

இவ்வளவையும் படித்துவிட்டு, மெலிந்த குதிரையைப் பார்த்தவுடன் ஓடிப்போய்ப் புகார் கொடுத்துவிடக் கூடாது. கிழக்குதிரைக்குப் பல் தேய்ந்து, எவ்வளவு போட்டாலும் மென்று தின்ன முடியாமல் இளைக்கும். இரத்தம் குடிக்கும் ஈக்களால் பரவும் சுர்ரா என்ற காய்ச்சலும் உடம்பை உருக்கிவிடும். அக்குதிரைக்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கலாம். பட்டினி கிடந்ததை ஒருவர் இரக்கப்பட்டு வாங்கிவந்து இப்போதுதான் தேற்றிக்கொண்டிருக்கலாம். அவர்மேல் பழிபோட்டால் எப்படி இருக்கும்! கண்ணைக் கட்டிவைத்திருக்கிறான் பாவி என்று சிலர் பதறுவதுண்டு. அது ஈ மொய்க்காமல் போடும் வலைமுகமூடி, குதிரைக்கு அதன் வழியே கண் தெரியும். நின்றுகொண்டே தூங்குவதும் குதிரையின் சுபாவமே. சற்று நேரம் கால் நீட்டிப் படுப்பதும் சுபாவமே. புல்லில்லாத சிறு அடைப்பில் நிற்பதுகூட, கொழுத்த குதிரைக்குக் குளம்பு நோய் வராமல் வைத்தியர் சொன்ன பத்தியமாக இருக்கலாம்.

ஆகவே ஒருநாள் பார்வை போதாது. கடையில் நமக்குப் பேரேடு இருக்கிறது. அதற்கு ஒரு சிறு துணைநோட்டு போட்டுக்கொண்டால் என்ன? தேதி, நேரம், எத்தனை குதிரை, எந்த நிறம், வாளியில் தண்ணீர் இருந்ததா, புல் இருந்ததா, நொண்டியதா என்று இரண்டு வாரம் எழுதிவாருங்கள். ஒரே இடத்தில் நின்று வாரம் ஒரு படம் கைத்தொலைபேசியில் எடுத்துவையுங்கள். பொதுவழியிலிருந்தோ நம் நிலத்திலிருந்தோ எடுத்தால் போதும். பிறர் வேலிக்குள் நுழையக் கூடாது. கேள்விப்பட்டதையும் கண்டதையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். "பட்டினி போடுகிறார்" என்பது நம் முடிவு. "மூன்று நாளாக வாளி காலி" என்பதே நாம் கண்டது. அதிகாரிக்குப் பயன்படுவது இரண்டாவதுதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இரக்கத்தால் கடையில் மிஞ்சிய சோறு, ரொட்டி, பரோட்டா மாவு என்று வேலிக்கு மேலே போடாதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒவ்வாவிட்டால் வயிற்று நோவில் செத்துப்போகும். பல நாள் பட்டினி கிடந்த குதிரைக்குத் தானியத்தைத் திடீரென்று அள்ளிப் போட்டாலும் சில நாளில் உயிர் போகக்கூடும். அதைத் தேற்றுவது மருத்துவர் பார்த்துச் சிறுகச் சிறுகப் புல் கொடுத்துச் செய்யவேண்டிய காரியம். சோறு போட்டு ஆளைத் தேற்றிப் பழகிய நம்மவர் இந்தத் தவற்றைத்தான் முதலில் செய்வார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறோம். நல்ல தண்ணீர் மட்டும், அதுவும் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு வைக்கலாம்.

பிறகு பேச்சு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் கண்ணீர் விடுவதைக் கண்டு அதைத் தடவிக் கொடுத்தார்கள், அது யாருடையது என்று விசாரித்தார்கள், சொந்தக்காரர் முன்வந்ததும் பசியையும் மிகுந்த வேலையையும் அவரிடமே எடுத்துச் சொன்னார்கள் என்பது நாம் அறிந்த ஹதீஸ். பாடத்துக்கு வேண்டியது அதிலே இருக்கிறது: ஊரெல்லாம் பேசுவதற்கு முன் உரியவரிடம் பேசுவது. அண்டை வீட்டார் மலாய்ப் பெரியவராயின், "பாக்சிக், அந்தச் சிவப்புக் குதிரைக்கு உடம்புக்கு என்ன? டாக்டர் வந்து பார்த்தாரா?" என்று தனியே கேட்கலாம். நம்மவராயின் "காக்கா, லாடக்காரர் இந்தப் பக்கம் வருவதில்லையா?" என்றால் போதும். வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போது பெட்டியடியிலிருந்து சத்தமாகக் கேட்பது பேச்சாகாது, அவமானப்படுத்துவதாகும். படத்தை வாட்சப்பிலும் முகநூலிலும் போட்டுவிட்டுப் பிறகு பேசப் போவது அதைவிட மோசம். ஆள் திரண்டபின் அவர் குதிரையைப் பார்ப்பாரா, தன் மானத்தைப் பார்ப்பாரா?

பேசும்போது காரணம் வெளிவரும். மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பார், பார்த்துக்கொண்ட ஆள் ஊருக்குப் போயிருப்பான், சவாரிக்கு ஆள் வராமல் கடன் ஏறியிருக்கும். புல் கொண்டுவந்து இறக்க நம் லாரி போகிற வழியில் உதவ முடியுமானால் உதவலாம். விற்றுவிட அவர் நினைத்தால், வளர்க்கத் தெரிந்தவரை விசாரித்துச் சொல்லலாம். இப்படி முடிகிற காரியத்துக்குப் புகார் தேவையில்லை. ஆனால் தவணை வைத்துக்கொள்ளவேண்டும். "பார்க்கிறேன்" என்ற சொல்லுக்குப் பிறகும் இரண்டு வாரத்தில் வாளி காலியாகவே இருந்தால், அந்தச் சொல்லை வரவில் வைக்க முடியாது.

சில சமயம் பேச்சுக்கே நேரமில்லை. குதிரை விழுந்து எழமுடியாமல் கிடந்தால், விடாமல் புரண்டு புரண்டு வயிற்றைத் திரும்பிப் பார்த்துக் காலால் தரையைப் பறித்தால், எலும்பு தெரியும் காயம் இருந்தால், கட்டிவைத்து அடிப்பதைக் கண்டால், அன்றைக்கே சொல்லவேண்டும். கோபக்காரரென்று பெயரெடுத்தவரிடம் தனியே பேசப் போகவேண்டியதும் இல்லை.

யாரிடம் சொல்வது? தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் இதற்குரிய சட்டம் 2015ஆம் ஆண்டின் பிராணி நலச் சட்டம். 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மிருகக் கொடுமைக்கு 2013 வரை விதிக்கப்பட்ட உச்ச அபராதம் வெறும் 200 வெள்ளி! இப்போது 20,000 வெள்ளிக்குக் குறையாமல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். அடிப்பது மட்டுமன்று, அளவுக்கு மீறி ஓட்டுவதும், சுமை ஏற்றுவதும், நோயுற்ற பிராணியை வேலை வாங்குவதும் குற்றத்தில் சேரும். தக்க தீனியும் இருப்பிடமும் கொடுத்து, வலியிலிருந்து காப்பது சொந்தக்காரரின் கடமை என்றும் சட்டம் சொல்கிறது. கால்நடை மருத்துவ இலாகாவுக்கு, அதாவது ஜாபத்தான் பெர்கிட்மத்தான் வெட்டரினார் என்பதற்கு, ஜில்லாதோறும் அலுவலகம் உண்டு. அங்கே நேரிலோ எழுத்திலோ புகார் கொடுக்கலாம். மிருகவதைத் தடைச் சங்கத்தாரும் வழி காட்டுவார்கள். சபாவுக்கும் சரவாக்குக்கும் சட்டம் தனி. சிங்கப்பூரில் 2019 ஏப்ரல் முதல் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு மருத்துவப் பிரிவு இதைக் கவனிக்கிறது. அங்கே கொடுமைக்கு முதல் குற்றத்துக்கே 15,000 வெள்ளி வரை அபராதமோ 18 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

"அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுப்பது புறம் பேசுவதாகாதா?" என்று நம்மவரில் பேணுதலுள்ளவர்கள் தயங்குவதை அறிவோம். நல்ல தயக்கமே. ஆனால் அநீதியைத் தடுக்கக்கூடிய அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி முறையிடுவது புறத்தில் சேராது என்பது இமாம் நவவி முதலியோர் வகுத்த விளக்கம். தேநீர்க் கடையில் பேசினால் அது புறம். அலுவலகத்தில் சொன்னால் முறையீடு. இன்னொன்றும் உண்டு. அக்காலத்து இஸ்லாமியக் கடைத்தெருவில் தராசையும் படியையும் சோதித்த முஹ்தசிப் என்ற அதிகாரிக்கே, பொதிமிருகத்தின்மேல் மிகுந்த சுமை ஏற்றாமல் பார்க்கும் வேலையும் இருந்தது. மாவர்தி இதை எழுதியிருக்கிறார். எடையில் மோசம் செய்தவனும் கழுதையின் முதுகை ஒடித்தவனும் ஒரே ஆளிடம் பதில் சொல்லவேண்டியிருந்தது.

புகாரில் இடத்தைத் தெளிவாக எழுதுங்கள். எந்தப் பாதை, எந்தக் கட்டைக்கல், கடைக்கு எதிரே என்பதுவரை. நோட்டில் உள்ள தேதிகளையும் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள். நம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்தால், சந்தேகம் கேட்க அதிகாரிக்கு வசதி. பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். புகார் எண் அல்லது வாங்கிக்கொண்டவரின் பெயரைக் குறித்து வையுங்கள். அதிகாரி வந்தவுடனே குதிரைகளை ஏற்றிக்கொண்டு போவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். சொந்தக்காரருக்கு எச்சரிக்கையும் யோசனையும் சொல்லிவிட்டுப் போகலாம். எலும்பும் தோலுமான குதிரைக்கு நல்ல தீனி கிடைத்தாலும், சதை பிடிக்க மூன்று மாதம் முதல் ஐந்து மாதம் வரை செல்லும். அதனால் பத்து நாளில் விலா மறையவில்லையே என்று கோபப்படாமல், வாளியையும் புல்லையும் குளம்பையும் பார்த்து நோட்டை எழுதிவாருங்கள். ஒரு மாதம் கழித்தும் அவை பழையபடியே இருந்தால், முதல் புகாரின் தேதியையும் எண்ணையும் மேலே எழுதி, இரண்டாவது கடிதத்தை அனுப்புங்கள்.